நட்டம் வந்தால் யார் கொடுப்பது?

போன வருடம் ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு நண்பன் போன் செய்தான். வேலை பிடிக்கவில்லை, மேனேஜர் படுத்துகிறார், விட்டுவிடலாமா என்று கேட்டான். "விடுடா, உன் திறமைக்கு ரெண்டு மாசத்துல வேற கிடைச்சிடும்" என்றேன். மனசார நம்பித்தான் சொன்னேன். அவன் விட்டான். ஏழு மாதம் வேலை கிடைக்கவில்லை. அந்த ஏழு மாதமும் என் கணக்கில் சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனாலேயே ஒரு கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது. ஒருவரிடம் "இதைச் செய்" என்கிறோம். பலித்தால் நமக்கும் அதில் கொஞ்சம் பெயர். பலிக்காவிட்டால் நட்டம் முழுக்க அவருக்கு. இது என்ன கணக்கு?

இந்தக் கேள்வியோடு இருந்த நாட்களில்தான் சீமன் நாப் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தேன். வேளாண் விரிவாக்கக் கல்வி என்று ஒரு துறை இருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்ததை விவசாயியின் வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. சுருக்கமாகச் சொன்னால், அடுத்தவருக்கு யோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்ட துறை. அமெரிக்காவில் அதற்கு அடித்தளம் போட்டவர்களில் நாப் முக்கியமானவர்.

1833இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர், முழங்காலில் அடிபட்டு ஊன்றுகோலோடு அயோவாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஆடு வளர்த்தார், அது கைகொடுக்கவில்லை. பார்வையற்றோர் பள்ளிக்குக் கண்காணிப்பாளராக இருந்தார். பன்றி வளர்ப்பில் பெயர் வாங்கினார். பிறகு அயோவா வேளாண் கல்லூரியில் பேராசிரியர், கொஞ்ச காலம் அதன் தலைவர். 1887இல் வந்த ஹாட்ச் சட்டம் மாநிலம்தோறும் வேளாண் ஆராய்ச்சி நிலையங்களுக்கு வழிசெய்தது. அதற்கு முன்னோடியாக இருந்த மசோதாவை எழுதியவர்களில் இவரும் ஒருவர்.

இதுவரை கதை சுத்தமாக இருக்கிறது. இனிமேல்தான் சிக்கல்.

1885 வாக்கில் நாப் கல்லூரியை விட்டு லூயிசியானாவுக்குப் போனார். நிலம் விற்கும் ஒரு கம்பெனிக்கு அங்கே ஏராளமான ஏக்கர் இருந்தது, வாங்க ஆள் இல்லை. இந்த மண்ணில் ஒன்றும் உருப்படியாக விளையாது என்பது உள்ளூர்க்காரர்களின் எண்ணம். எத்தனை விளம்பரம் போட்டாலும் வெளியூர்க்காரர்கள் வந்து அவர்களிடம்தானே விசாரிப்பார்கள்? நாப் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊருக்கு ஒரு நல்ல விவசாயியை வடக்கிலிருந்து வரவழைத்து, சலுகை விலையில் நிலம் கொடுத்துப் பயிர் வைக்கச் சொன்னார். அவர் வயலில் விளைந்ததைப் பார்த்த பிறகு மற்றவர்கள் வந்தார்கள். நெல் அந்தப் பகுதியின் பெரிய பயிரானது. நாப் பின்னாளில் ஜப்பான் வரை போய் அங்கிருந்து நெல் ரகங்கள் கொண்டுவந்தார்.

உலகமெங்கும் இன்று வேளாண் துறை நடத்தும் 'செயல்விளக்கத் திடல்' என்ற முறைக்கு ஒரு வேர் இங்கே, நில வியாபாரத்தில் இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு முகம் சுளித்தது. யோசனை சொன்னவருக்கு அதில் வருமானம் இருந்தது. ஆனால் இன்னொரு பக்கமும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நிலத்தை விற்க வந்தவர், பொய் விளம்பரத்தை நம்பாமல் ஒரு வயலை நம்பினார். விளையாவிட்டால் ஊரே பார்க்கும்படி தோற்றிருப்பார். லாப ஆசை இருந்தாலே யோசனை பொய்யாகிவிடாது. ஆசை இல்லாததாலேயே என் யோசனை சரியாகிவிடவும் இல்லையே.

1902இல் நாப் மத்திய வேளாண் துறையில் சேர்ந்தார். வயது 68. தென் மாநிலங்களில் அரசு செலவில் மாதிரிப் பண்ணைகள் போட்டார்கள். விவசாயிகள் வந்து பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்கள். அரசாங்கக் காசு இருந்தால் யார்தான் விளைவிக்க மாட்டார்கள்? அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. தோற்றால் பட்டினி கிடக்க வேண்டியவர் செய்து காட்டினால்தான் அது அவர்களுக்குப் பாடம்.

அதே நேரத்தில் டெக்சஸை ஒரு பூச்சி ஆட்டிக்கொண்டிருந்தது. மெக்சிகோவிலிருந்து 1892 வாக்கில் எல்லை தாண்டி வந்த பருத்திக் காய் வண்டு. பருத்தி மொட்டுக்குள் முட்டையிடும், புழு உள்ளேயே இருந்து தின்னும், மருந்து எட்டாது. நாப்பின் துறை சொன்னது எளிமையான விஷயம்தான்: சீக்கிரம் காய்க்கும் ரகத்தை முன்கூட்டியே விதையுங்கள், அடிக்கடி உழுது களை எடுங்கள், அறுவடை முடிந்ததும் செடிகளை அழித்துவிடுங்கள். வண்டு பெருகுவதற்குள் பருத்தி வெடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வழக்கத்தை மாற்றி ஒரு போகம் போய்விட்டால்?

1903 பிப்ரவரியில் டெரல் என்ற சிறு நகரத்தில் கூட்டம் நடந்தது. நாப்பின் யோசனையை நகரத்து வியாபாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். உள்ளூர் விவசாயி ஒருவர் தன் சொந்த நிலத்தில், சொந்த உழைப்பில், நாப் சொன்னபடி பயிர் வைக்க வேண்டும். நட்டம் வந்தால் ஈடுகட்ட வியாபாரிகள் ஒரு நிதி சேர்த்து வைத்தார்கள். வால்டர் போர்ட்டர் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 70 ஏக்கரை இதற்கென்று ஒதுக்கினார். வருடக் கடைசியில், பழைய முறையில் கிடைத்திருக்கக்கூடியதைவிட 700 டாலர் கூடுதலாகக் கிடைத்தது என்று சொன்னார். நிதியைத் தொடவேண்டி வரவில்லை.

விரிவாக்கத் துறையின் பாடப்புத்தகங்கள் அந்த 700 டாலரைக் கொண்டாடும். எனக்கு முக்கியமாகப் படுவது தொடாத அந்த நிதிதான்.

காதால் கேட்டதைச் சந்தேகிக்கலாம், கண்ணால் பார்த்ததைக்கூடச் சந்தேகிக்கலாம், கையால் செய்ததைச் சந்தேகிக்க முடியாது என்பது நாப்பின் நம்பிக்கை. சரிதான். ஆனால் கேட்பதிலும் பார்ப்பதிலும் யாருக்கும் நட்டமில்லை, செய்வதில்தான் இருக்கிறது. அந்த நட்டத்துக்கு யார் பொறுப்பு என்பதை முதல் நாளே பேசி முடித்துவிட்டார்கள். வியாபாரிகள் செய்தது தர்மமும் இல்லை. பருத்தி போனால் அவர்கள் கொடுத்த கடனும் போகும். மாற்றத்தால் யாருக்கெல்லாம் லாபமோ அவர்கள் ஆபத்திலும் பங்கு எடுத்துக்கொண்டார்கள். அதே சமயம் உழைப்பும் நிலமும் போர்ட்டருடையவை. அதனால்தான் அக்கம்பக்கத்தார் நம்பினார்கள்.

டெரலுக்குப் பிறகு வேகம் கூடியது. 1904இல் மத்திய அரசு பணம் ஒதுக்கியது. ஆயிரக்கணக்கான விவசாயிகள் நாப்பின் முறைக்கு வந்தார்கள். 1906இல் ஒரு மாவட்டத்துக்கென்று தனி விரிவாக்க அலுவலர் டெக்சஸில் நியமிக்கப்பட்டார். 1911இல் நாப் இறந்தார். 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் இந்த அமைப்பை நாடு முழுவதற்குமானதாக ஆக்கியது. யோசனை சொல்பவருக்கு மாதச் சம்பளம் உறுதியானது. ஆனால் டெரலில் வைத்ததுபோல ஆயிரக்கணக்கான வயல்களுக்கும் ஒரு நிதி வைத்துக்கொண்டிருக்க முடியுமா?

முடியாது என்பது நியாயமான பதில்தான். தப்பான யோசனைக்கெல்லாம் நட்ட ஈடு கேட்டால் ஆசிரியர், டாக்டர் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தவிர, விவசாயி ஒன்றும் குழந்தை இல்லை, முடிவு அவருடையது. நண்பனும் அதைத்தான் சொன்னான்: "நீ சொல்லலைன்னாலும் விட்டிருப்பேன்டா."

ஆனால் முடிவு எல்லோர் கையிலும் ஒரே அளவில் இருக்கிறதா? அன்றைய தெற்கில் லட்சக்கணக்கானவர்கள் வாரத்துக்கு உழுதார்கள், கறுப்பினத்தவர், வெள்ளையர் இருவருமே. நிலம் சொந்தமில்லை. விதைக்கும் சாப்பாட்டுக்கும், இனிமேல் விளையப்போகும் பருத்தியின் மேல் கடன். போர்ட்டர் ஒதுக்கியது தன் நிலத்தில் ஒரு பகுதி. இவர்களுக்கு ஒதுக்க எது இருந்தது? என்ன விதைப்பது என்பதற்கே பலருக்கு நிலக்காரரின் சம்மதம் வேண்டும்.

1906இல் கறுப்பினத்தவருக்கான முதல் விரிவாக்க அலுவலராக நியமிக்கப்பட்ட தாமஸ் மன்றோ கேம்பெல் போய்ப் பார்த்தது இவர்களைத்தான். டஸ்கீகி கல்வி நிறுவனத்திலிருந்து கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914 சட்டம் வந்தபோது, தெற்கில் அதன் பணத்தின் பிடி வெள்ளையர் கல்லூரிகளிடம் போனது. இன வாரியாகப் பிரிந்த விரிவாக்கச் சேவை 1960கள் வரை நீடித்தது. ஒரே யோசனைதான். நிலக்காரருக்கு அது வாய்ப்பு, வாரத்துக்கு உழுதவருக்கு அது சூதாட்டம்.

ஆகவே நிதி வைக்க வேண்டுமா என்பதல்ல, இது தப்பாகப் போனால் இவர் என்ன ஆவார் என்று சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டோமா என்பதுதான் என் கேள்வி. தெரிந்துகொண்டால் யோசனையின் அளவே மாறும். எல்லா ஏக்கரிலும் போடு என்று சொல்ல மாட்டோம், ஒரு மூலையில் போட்டுப் பார் என்போம். அல்லது நம்மால் முடிந்த பங்கை எடுத்துக்கொள்வோம். யோசனை சரியாக இருந்தால் மட்டும் போதாது, கேட்பவர் தாங்கும் அளவிலும் இருக்க வேண்டும்.

நண்பனிடம் அன்றிரவு நான் கேட்காத கேள்விகள் நிறைய. வாடகை எவ்வளவு, வீட்டுக்கு மாதம் என்ன அனுப்புகிறான், கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. எட்டாவது மாதம் அவனுக்கு வேலை கிடைத்தது, பழையதைவிடக் குறைந்த சம்பளத்தில். நடுவில் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் ஆபீஸில் ஒரு பெண் அதே கேள்வியோடு வந்தாள். "விட்டுடலாமாண்ணா?" நாக்கு நுனியில் பதில் இருந்தது. "கையில எத்தனை மாசத்துக்கு இருக்கும்மா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு "ஒன்றரை" என்றாள். இரண்டு பேரும் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தோம்.