இரண்டாவது காலுறை

பினாங்கில் கம்பளிக்கு வேலை கிடையாது. மத்தியானம் 32 டிகிரி அடிக்கும். கொடிமலை உச்சிக்குப் போனாலும் முழுக்கைச் சட்டை ஒன்று போதும். அப்படிப்பட்ட ஊரில், அத்தையின் கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று பிஸ்கட் டின் நிறையக் கம்பளி நூல் வெளியே வந்தது. சாம்பல், கடல்நீலம், பச்சை, யாருக்காக வாங்கியது என்றே தெரியாத ஒரு ரோஸ் கலர். மொத்தம் 14 உருண்டை. உச்சி மூடாமல் ஊசியிலேயே நிற்கும் ஒரு தொப்பி. கடைசி டின்னில், பாச்சை உருண்டைகளுக்கு நடுவில், சாம்பல் நிறத்தில் ஒரு காலுறை.

டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஜோடி இல்லை.

"என்ன அத்தை, ஒண்ணுதான் இருக்கு?"

"இன்னொண்ணு போடல."

அத்தைக்கு 78 வயது. கண்ணில் புரை எடுத்தாயிற்று, பார்வை நன்றாகவே இருக்கிறது. விரல்கள்தான் மடங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் கற்றுக்கொண்ட பின்னலை எனக்கும் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார். நான் பாதியில் விட்டு, போன வருஷம்தான் மறுபடி ஊசியை எடுத்தேன்.

பின்னுகிறவர்கள் எல்லா நாட்டிலும் 'இரண்டாவது காலுறை வியாதி' என்று ஒன்றைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். முதல் காலுறை போடும்போது எல்லாமே புதிது. சுமார் 64 கண்ணி ஏற்றி, கெண்டைக்காலிலிருந்து இறங்கி, குதிகாலில் வந்து திரும்ப வேண்டும். தட்டையாகப் போய்க்கொண்டிருந்த பின்னல் திடீரென்று கிண்ணம் மாதிரி குழியும் இடம் அது. முதல் தடவை அதைச் செய்து முடித்தபோது ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாவை எழுப்பிக் காட்டினேன். இரண்டாவது காலுறையில் அந்த ஆச்சரியம் கிடையாது. அதே 64, அதே திருப்பம். ஆனால் அது இல்லாமல் முதலாவது வெறும் கம்பளித் துண்டு. தொப்பி பின்னுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தலை ஒன்றுதானே.

கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில், மனம் விரும்பிச் செய்கிற நல்லதையும் கடமை என்பதற்காகச் செய்கிற நல்லதையும் பிரித்து, இரண்டாவதற்குத்தான் அற மதிப்பு உண்டு என்றார். காலுறை பின்னுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதல் கால் விருப்பம், இரண்டாவது கால் கடமை. ரொம்ப நாளாக நான் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்: அத்தை அலுத்துப்போய் விட்டுவிட்டார், நான் அந்த இரண்டாவதைப் போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது.

அலுப்பு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காலுறை சித்தப்பாவுக்கு. அத்தையின் கடைசித் தம்பி. சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் ஆயிலராக இருந்தார். என்ஜின் அறை கொதிக்கும், ஆனால் வேலை முடிந்து மேலே வந்தால் வடக்குக் கடலில் இரும்புத்தளம் உள்ளங்காலைக் கடிக்கும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா ஒரு ஜோடி ஸ்டாக்கிங் போட்டுக்கொடு என்று கேட்டது 1999இல். அப்போது நாங்கள் குவீன் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். மாரியம்மன் கோவில் மணி படுக்கைக்கே கேட்கும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்ததால் ஜார்ஜ் டவுனில் எங்களை மாதிரி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போர்க்காலத்துக்கு முன் கட்டிய வீடுகளில் சொற்ப வாடகையில் வாழ்ந்தன. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். 2000 ஜனவரி 1 முதல் வீட்டுக்காரர் கேட்டதுதான் வாடகை. தெருவே காலியாகத் தொடங்கியது. பாட்டியை எங்கே வைத்துக்கொள்வது, முன்பணத்துக்கு யார் என்ன கொடுப்பது என்று வீட்டில் சண்டை. சித்தப்பா நடுக்கடலில் இருந்தார். பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அத்தை காலுறையை டின்னில் போட்டு மூடினார். இடது காலா வலது காலா என்று கேட்கமுடியாத காலுறை, எந்தக் காலுக்கும் பொருந்தும். அதுவே அப்படிக் கிடந்தது.

சித்தப்பா 2011இல் கிள்ளானில் இறந்தார். அத்தை போகவில்லை.

வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தில் ஒரு குறளில், முடிக்காத வேலையின் மிச்சத்தையும் பகையின் மிச்சத்தையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டையும் அணைக்காமல் விட்ட நெருப்புக்கு ஒப்பிடுகிறார். அரசனுக்குச் சொன்ன புத்தி அது. எதிரியை மிச்சம் வைக்காதே என்கிற அரசியல். பள்ளியில் படித்தபோது வேலையையும் பகையையும் ஏன் ஒரே மூச்சில் சொல்கிறார் என்று புரியவில்லை. இந்த டின்னைத் திறந்தபோது புரிந்தது. இங்கே இரண்டும் ஒரே பொருள்தான். ஆனால் அவர் சொன்ன மாதிரி இது பற்றி எரியவில்லை. 25 வருஷம் பாச்சை உருண்டை வாசனையோடு அமைதியாக இருந்தது. எரிந்திருந்தால் யாராவது தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

சரி, நான் இரண்டாவதைப் போட்டால் என்ன? அதே சாம்பல் நூலில் முக்கால் உருண்டை மிச்சம் இருந்தது, போதும். கால்விரல் நுனியை மூடும் தையலை மட்டும் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தேன். உள்ளே தழும்பு மாதிரி மேடு இல்லாமல் இரண்டு வரிசைக் கண்ணிகளை ஊசியால் ஒட்டும் முறை அது. அதற்குக் கிட்ச்னர் தையல் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த அதே கிட்ச்னர் பிரபு. அவரே கண்டுபிடித்தார் என்பது கதையாகத்தான் இருக்கும், பெயர் மட்டும் நின்றுவிட்டது. பதுங்குகுழிச் சேற்றில் நின்று நின்று பாதம் அழுகிய சிப்பாய்களுக்காக வீடு வீடாகப் பெண்கள் காலுறை பின்னிய காலம். அந்தப் போர் இந்த ஊர்த் துறைமுகத்துக்கும் வந்தது. 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் எம்டன் கப்பல் உள்ளே நுழைந்து, ரஷ்யாவின் ஷெம்சுக்கை நங்கூரம் போட்ட இடத்திலேயே மூழ்கடித்தது. எண்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். ஒரு மாதம் முன்னால் சென்னையில் குண்டு போட்டு, தமிழில் கில்லாடிக்கு இன்னொரு பெயராகிப்போன அதே எம்டன். "அவன் எம்டன்டா" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறோம். இறந்த ரஷ்யர்களின் கல்லறை இங்கே வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் இருக்கிறது.

கிட்ச்னர், போயர் யுத்தத்தில் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்து, ஆயிரக்கணக்கில் சாகவிட்ட தளபதி. அவர் பெயரில் விரலை உறுத்தாத ஒரு தையல். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கையால் பின்னிக் கொடுப்பது என்றாலே பரிசுத்தமான காரியம் என்று நம் ஆட்களிடையே ஒரு நினைப்பு இருக்கிறது. இல்லை. அந்தப் பெண்களின் அன்பு உண்மை. அந்த அன்பு, பையன்களைச் சேற்றுக்குள் அனுப்பிய இயந்திரத்துக்கு எண்ணெயாக இருந்ததும் உண்மை.

இந்த இடத்தில் என் ஊசி நின்றது. செத்துப்போனவருக்கு இரண்டாவது காலுறை போட்டு, மடித்து, அத்தையிடம் நீட்டினால் அது யாருக்கு? அவருக்கு ஆறுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது ஒரு தீர்ப்பு. "பார், நீ செய்யாததை நான் செய்துவிட்டேன்." மன்னிப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யவேண்டியதை நான் 64 கண்ணியில் முடிவு செய்வதாகிவிடும்.

வேறு வழி ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் பட்டர்வொர்த் பக்கம் வரும் கப்பல்களில் ஏறி மாலுமிகளைப் பார்த்துப் பேசிவிட்டு வருவார். சிம் கார்டு, சோப்பு, மிக்சர் என்று எதையாவது கொண்டுபோவார். குளிர்நாட்டுக்குப் போகும் கப்பலானால் கம்பளித் தொப்பி. இது இங்கே கண்டுபிடித்தது அல்ல. நியூயார்க்கில் மாலுமிகளுக்கான ஒரு தேவாலய அமைப்பு 1898இலிருந்து 'கிறிஸ்மஸ் அட் ஸீ' என்று தொண்டர்கள் பின்னிய தொப்பிகளையும் கழுத்துத்துணிகளையும் கப்பல்களுக்குக் கொடுத்துவருகிறது. ஒரு தொப்பிக்கு 80, 100 கிராம் நூல். என் கணக்கில் 14 உருண்டைக்குப் பத்துத் தொப்பி வரும். டின் காலியாகும், நல்ல காரியமும் ஆகும்.

முதலில் ரோஸ் நூலில் ஒன்று போட்டு, ஃபெரி ஏறிப் போய்க் கொடுத்தேன். பெரியவர் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. ஆனா இதெ அவங்க போடமாட்டாங்க."

நிறம் மட்டும் பிரச்சினை இல்லை. புசுபுசுவென்ற நூல், கப்பல் வாஷிங் மெஷினில் ஒருதரம் போட்டால் குழந்தைத் தொப்பியாகச் சுருங்கிவிடும். அடர்ந்த நிறம் வேண்டும், எண்ணெய்க்கறை தெரியக்கூடாது. ஹெல்மெட்டுக்கு அடியில் நுழையும்படி ஒட்டி இருக்கவேண்டும், உச்சியில் குஞ்சம் கூடாது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. கொடுக்க வந்தேனா, தள்ளிவிட வந்தேனா? என் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததை, தூக்கிப்போட மனசு வராததை, இன்னொருவன் தலையில் வைக்கப் பார்த்திருக்கிறேன். பழைய துணியை வெள்ள நிவாரணத்துக்கு மூட்டை கட்டுகிறவர்களைப் பார்த்து முகம் சுளித்தவள் நான். நூலைத் தீர்ப்பது வேறு, தொப்பியை முடிப்பது வேறு. முதலாவது என் வேலை. இரண்டாவதற்கு முகம் தெரியாத ஒருவனின் தலையளவு வேண்டும்.

வீட்டுக்கு வந்து நூல்களைப் பிரித்தேன். துவைத்தால் தாங்கும், நிறமும் சரி என்று தேறியவை ஐந்து உருண்டை. மற்றது எதற்கும் ஆகாது என்றில்லை, இவர்களுக்கு ஆகாது.

இன்னொரு கேள்வியும் அரித்தது. குளிருக்கு உடுப்பு கொடுக்கவேண்டியது கப்பல் முதலாளி. 2006இல் கையெழுத்தாகி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி, ஒரு மாலுமி 12 மாதம் நிறைவதற்குள் ஊருக்குத் திரும்ப உரிமை உண்டு. 2020இல் கொரோனாவின்போது சுமார் நான்கு லட்சம் பேர் ஒப்பந்தம் முடிந்தும் இறங்கமுடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள். கரையிலிருந்த நமக்குச் சாமான் வந்துகொண்டுதான் இருந்தது. அவர்களுக்குத் தொப்பி போட்டுக் கொடுப்பது, கிட்ச்னர் காலத்துக் காலுறை மாதிரியே இன்னொரு எண்ணெய்தானா? பெரியவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தொப்பி கொடுக்கப் போகும்போதுதான் பையன்கள் வாய் திறக்கிறார்கள், சம்பளம் வரவில்லை என்பதை அப்போதுதான் சொல்கிறார்கள், எங்கே புகார் கொடுப்பது என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றார். இந்தப் பதில் என்னை முழுக்கச் சமாதானப்படுத்தவில்லை. ஆனால் ஊசியைக் கீழே வைக்க அது காரணமும் ஆகவில்லை. நியாயம் வரும்வரை காது குளிரட்டும் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்?

நான்கு தொப்பி முடித்தேன். அதில் ஒன்று அத்தை பாதியில் விட்டது. அதன் உச்சியில் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி எட்டில் நூலைக் கோத்து இழுத்தபோது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாவதற்கு அந்தச் சாம்பல் முக்கால் உருண்டைதான் இருந்தது. தொப்பிக்குப் பத்தாது.

"அதெ அவுத்துடு" என்றார் அத்தை.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. "முடிச்சு வச்சது அத்தை. அவுக்கவா?"

"ஒண்ண வச்சு என்னா செய்ய? யாரு போடுவா?"

விரல்நுனியில் முடிச்சைத் தேடி வெட்டினேன். கம்பளி கழன்று வர நேரமே ஆகவில்லை. ஒரு மாத வேலை இருபது நிமிஷத்தில் மடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. குதிகால் வந்தபோது அத்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. இதற்கு மன்னிப்பு என்று பேர் வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

25 வருஷம் காலுறையாக இருந்த நூல் அவ்வளவு லேசில் வளைவை விடாது. வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, கொடியில் தொங்கவிட்டு, அடியில் கனத்துக்கு ஒரு மைலோ டின்னைக் கட்டினேன். காய்ந்த பிறகும் அங்கங்கே நெளிவு இருந்தது. மெல்லிய நூல் என்பதால் இரட்டையாகச் சேர்த்துப் பின்னினேன். புதுசும் பழசும் கலந்து ஒரு பக்கம் சற்று மேடாகத் தெரிகிறது, உற்றுப் பார்த்தால்.

ஐந்தையும் பையில் போட்டு, ஃபெரிக்குக் கிளம்பும்போது அத்தை கூப்பிட்டார். சாம்பல் தொப்பியை எடுத்துத் தரச்சொன்னார். மடங்காத விரல்களால் ஓரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"காதெ மூடுமா இது?"

"மூடும் அத்தை. ஓரத்தை இறக்கிவிட்டா மூடும்."

"சொல்லி விடு அவங்ககிட்ட. எறக்கி விட்டுக்கச் சொல்லு."