அறியாமல் செய்த குற்றம்

மனத்தில் தீய எண்ணம் சிறிதுமின்றி ஒருவன் செய்த காரியத்தால் மற்றொருவனுக்குத் தீங்கு விளையுமாயின், அதன் பாவம் செய்தவனைச் சேருமா சேராதா என்பது நம் தேசத்துத் தத்துவ விவாதங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று. மனத்தின் சங்கற்பமே கர்மம் என்று உபதேசித்தார் புத்தர். சமணர் சார்பில் அவரோடு வாதிடச் சென்ற உபாலி என்னும் நாளந்தா நகரத்துக் கிரகஸ்தர், வாதத்தின் முடிவில் அவருக்கே சீடரானார் என்று மஜ்ஜிம நிகாயம் கூறுகிறது. சமணரோ உடலால் செய்யும் ஹிம்சையையே பெரிதாகக் கொண்டனர். எனினும் அவர்களுடைய தத்துவார்த்த சூத்திரம், அஜாக்கிரதையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவதே ஹிம்சை என்று இலக்கணம் வகுத்து, வேண்டுமென்றே செய்வதற்கும் குற்றமே இல்லாமைக்கும் நடுவே கவனக்குறைவு என்னும் நிலை ஒன்று உண்டென்பதை உணர்த்திற்று. இந்த இடைநிலையைப் பற்றித்தான் நம் காலத்தில் நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜாய் புவோலம்வினி என்னும் கறுப்பினப் பெண்மணி, மனித முகத்தைக் கண்டறியும் மென்பொருள் ஒன்றின் எதிரே அமர்ந்தபோது, அது அவர் முகத்தை முகமென்றே கொள்ளவில்லை. வெள்ளை முகமூடி ஒன்றை அவர் எடுத்து அணிந்துகொண்டதும் கண்டுகொண்டது. உயிருள்ள முகத்தை விட்டு உயிரற்ற முகமூடியை ஏற்றுக்கொண்ட அந்த யந்திரத்தின் செயல் அவரை ஒரு பெரிய பரிசோதனையில் ஈடுபடுத்திற்று. ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய ஆறு நாடுகளின் பாராளுமன்ற உறுப்பினர் படங்கள் 1,270 திரட்டி, எத்தியோப்பியாவில் பிறந்த டிம்னிட் கெப்ரு என்னும் விஞ்ஞானியோடு சேர்ந்து, மைக்ரோசாப்ட், ஐபிஎம், பேஸ் பிளஸ் பிளஸ் ஆகிய மூன்றின் யந்திரங்களுக்கும் அவற்றைக் காட்டி, இவர் ஆணா பெண்ணா என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். 2018-இல் முடிவு வெளியாயிற்று. நிறம் வெளுத்த ஆடவர் விஷயத்தில் எந்த யந்திரமும் நூற்றுக்கு 0.8-க்கு மேல் பிழை செய்யவில்லை. நிறம் கறுத்த பெண்கள் விஷயத்திலோ பிழை நூற்றுக்கு 34.7 வரை சென்றது. மூவரில் ஒருவரைத் தவறாகச் சொல்லும் சாட்சியை எந்த நியாயஸ்தலம் ஏற்றுக்கொள்ளும்?

கறுத்த பெண்களை அவமதிக்கவேண்டுமென்று அந்த ஸ்தாபனங்களில் எவரும் சங்கற்பம் செய்துகொள்ளவில்லை என்பதை நான் பூரணமாக நம்புகிறேன். அமேசான் நிறுவனம் வேலைக்கு விண்ணப்பிப்போரைத் தரம் பிரிக்க ஒரு யந்திரத்தைப் பழக்கியபோது, முந்திய பத்தாண்டு விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆடவருடையவையாக இருந்தமையால், பெண்கள் என்ற சொல் வரும் விண்ணப்பங்களை அது தானாகவே தாழ்த்தக் கற்றுக்கொண்டது. அங்கும் எவரும் அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே இத்தகைய யந்திரங்களைச் சமைக்கும் துறையினர் கூறும் சமாதானம் பொய்யன்று. "நாங்கள் சோதித்தோம், பிழை ஒன்றும் காணவில்லை" என்கிறார்கள். இந்த வாக்கியத்தைத்தான் நாம் ஆராயவேண்டும்.

குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகரும் அத்வைதிகளும் அனுபலப்தி என்று ஒரு பிரமாணத்தை ஒப்புக்கொள்வர். தரையில் குடம் காணப்படவில்லை, ஆதலால் அங்கே குடம் இல்லை என்று அறிவது அது. ஆயினும் அப்பெரியோர் அதற்கு ஒரு நிபந்தனை விதித்தனர்: அப்பொருள் அங்கே இருந்திருந்தால் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கும் என்னும் நிலை இருந்தாலன்றி, காணாமை இன்மைக்குப் பிரமாணமாகாது. இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடமில்லையென்று சாதிக்க முடியாது. முகம் அறியும் யந்திரங்களைச் சோதிக்க அக்காலத்தில் வழங்கிய படத் தொகுதிகள் இரண்டில், வெளுத்த நிறத்தவர் ஒன்றில் நூற்றுக்கு 79.6 பேரும் மற்றொன்றில் 86.2 பேரும் இருந்தனர். அத்தகைய தொகுதியை வைத்துக்கொண்டு பிழை காணவில்லை என்பது, பிழை தென்பட வழியில்லாத இடத்தில் தேடியதை ஒப்புக்கொள்வதேயாகும்.

பலவகை மனிதரையும் இத்தொழிலில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதைத் தயை என்றும் தர்மம் என்றும் பேசுவோர் பலர். அவ்வாறு பேசுவது அந்த மனிதரையும் குறைத்து, விஷயத்தையும் குறைத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அவர்கள் இல்லாத அறையில் அறிவுக்கே பிரமாணம் குறைகிறது. புவோலம்வினி அந்த ஆராய்ச்சிசாலைக்குள் இருந்தார். அதனால் அப்பிழை வெளிப்பட்டது. ஆத்மாவுக்கு நிறமில்லை, ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை, ஆகவே யார் அமர்ந்து யந்திரத்தைச் சமைத்தால் என்ன என்று கேட்கும் வேதாந்திகளும் உண்டு. ஆத்மாவுக்கு நிறமில்லை என்னும் உண்மையை நானும் முழு மனத்தோடு நம்புகிறேன்; ஆனால் காமிராவின் எதிரே நிற்பது ஆத்மா அன்று, சரீரம். 2020 ஜனவரியில் டெட்ராயிட் நகரத்துப் போலீசார், யந்திரம் தவறாக அடையாளம் காட்டிய ஒரு கறுப்பினத்தவரை, அவருடைய மனைவியும் இரண்டு சிறு பெண்களும் பார்த்திருக்க வீட்டு வாசலில் விலங்கிட்டுக் கொண்டுபோய், ஏறக்குறைய முப்பது மணி நேரம் அடைத்துவைத்தார்கள். அக்குழந்தைகளிடம் போய்ப் பரமார்த்தத்தில் பேதமில்லை என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

அறியாமல் செய்த குற்றத்துக்கு நம் பழங்கதை ஒன்றும் உண்டு. மகன் ஏறிச்சென்ற தேரின் கீழ்ப் பசுவின் கன்று ஒன்று இறக்க, அதற்கு நீதி செய்த திருவாரூர் மன்னன் கதையைச் சேக்கிழார் சொல்லும்போது, கன்று தானே துள்ளி வந்து தேர்க்காலில் அகப்பட்டது என்கிறார். அரசகுமாரனுக்கு அது தெரியவே தெரியாது. அமைச்சர்கள் பிராயச்சித்தம் சொல்லி முடித்துவிடப் பார்த்தார்கள். அரசன் மகனுக்கு விதித்த மரண தண்டனையை இன்று எவரும் ஏற்கமாட்டார், நானும் ஏற்கவில்லை. அவன் கூறிய காரணத்தையே போற்றுகிறேன். உயிர்களுக்கு வரும் பயங்களை அவன் ஐந்தாக வகுத்து, தன்னால் வரும் பயத்தையும் தன் பரிவாரத்தால் வரும் பயத்தையும் பகைவர்க்கும் கள்வர்க்கும் முன்னதாக வைத்தான். நல்லெண்ணத்தோடு அதிகாரம் செலுத்துவோர் முதலில் அஞ்சவேண்டியது தங்களையே என்னும் இக்கொள்கைக்குச் சமமான ஒன்றை, இன்றைய தொழிலதிபர்களின் பிரகடனங்களில் நான் கண்டதில்லை. மேலும் அவ்வூரில் பசுவுக்கும் எட்டும்படி ஒரு மணி தொங்கிற்று. தாய்ப்பசு அடித்த அதன் ஓசை கேட்டு அரசன் தானே எழுந்து வந்தான்.

அறியாமையால் நேர்ந்தது என்பது எத்துணை தூரம் சமாதானமாகும் என்பதற்கு, முகம் அறியும் யந்திரங்கள் விஷயத்தில் பின்னர் நடந்ததே சான்று. 2019-இல் முடிவு வெளியான மறுபரிசோதனையில், முன்பு பெயர் சொல்லிக் குறைகூறப்பட்ட மூன்று யந்திரங்களிலும் கறுத்த பெண்கள் விஷயத்துப் பிழை மிகவும் குறைந்திருந்தது. குறைக்க முடியாததாக அது என்றுமே இருக்கவில்லை. முதற் பரிசோதனையில் சேராதிருந்த அமேசான், கைரோஸ் ஆகிய இரண்டின் யந்திரங்களோ, அதே பெண்கள் விஷயத்தில் நூற்றுக்கு 31.37 என்றும் 22.50 என்றும் பிழை செய்துகொண்டிருந்தன.