மார்க்கு மனிதனை அளக்குமா?



வருஷந்தோறும் பரீட்சை முடிவுகள் வெளியாகும்போது நமது வீடுகள் சிலவற்றில் சந்தோஷமும், சிலவற்றில் துக்கமும் குடிகொள்கின்றன. நல்ல மார்க்கு வாங்கிய பிள்ளையைப் பாராட்டுவது நியாயமே. ஆனால் மார்க்குக் குறைந்த வீட்டில் சாவு விழுந்தாற்போல் அடுப்பு மூட்டாதிருப்பதும், "மக்கு" என்று அயலார் கேட்கப் பிள்ளையை ஏசுவதும் நியாயந்தானா?

பரீட்சை எதை அளக்கிறது? குறித்த ஒரு நாளில், குறித்த சில மணி நேரத்தில், குறித்த சில கேள்விகளுக்குப் பிள்ளை எழுதிய விடைகளை அளக்கிறது. அது வீணான அளவன்று. பாலம் கட்ட வருபவருக்குக் கணக்குத் தெரியுமா என்று சோதிக்காமல் விட முடியாது. ஆகையால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிப் படிப்பை அலட்சியம் செய்வோருக்கு நாம் துணை நிற்கவில்லை. ஆனால் தராசு எடையைக் காட்டும், ருசியைக் காட்டாது. நேர்மை, பொறுமை, பிறர் துயர் கண்டு இரங்குதல் ஆகியவை விடைத்தாளில் எழுதப்படுவதில்லை.

புத்தியை அளக்க முயன்றவர்களும் இதை அறிந்திருந்தார்கள். 1905-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஆல்பிரட் பினே என்பவர் தம் தோழர் சிமோனுடன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு புத்திச் சோதனையை வகுத்தார். பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து உதவி செய்வதே அதன் நோக்கம். புத்தி ஒருபோதும் வளராது என்று தீர்ப்புக் கூறுவதை அவரே கண்டித்தார்.

கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாததால் கல்லூரி உதவிச் சம்பளத்தை இழந்தார். எஃப். ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1918-ல் இலண்டன் ராயல் சங்கம் அவரைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. இதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

ஆயினும் இந்த ஆறுதலில் ஒரு குறை உண்டு. தோற்ற பிள்ளைகள் எல்லோருக்குள்ளும் ஒரு மேதை மறைந்திருக்கவில்லை. அப்படி ஒளிந்திருக்கும் திறமை எதுவுமில்லாத சாதாரணப் பிள்ளைக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்? மார்க்குக்குப் பதிலாக மேதைமையைத் தராசில் வைத்தால், அந்தப் பிள்ளை மறுபடியும் தோற்றுப்போகும்.

இங்கேதான் அர்ச். ஜான் மரிய வியான்னி நமக்கு உதவுகிறார். 1786-ல் பிறந்த இந்தக் குடியானவர் மகனுக்கு இலத்தீன் ஏறவேயில்லை. குருமடத்துப் பரீட்சையில் தவறினார். அவருடைய பக்தியைக் கண்டே மேலோர் 1815-ல் குருப்பட்டம் பெற அனுமதித்தார்கள். அதன் பின்பும் அவர் பெரிய பண்டிதராகிவிடவில்லை. 1818-ல் ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டு, 1859-ல் மரிக்கும் வரை அங்கேயே இருந்தார். பிரான்சு தேசமெங்குமிருந்து மக்கள் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யத் திரண்டு வந்தார்கள். படித்தவர்களும் அந்த வரிசையில் காத்து நின்றார்கள். தங்கள் பாரத்தைப் பொறுமையோடு கேட்கும் ஓர் உள்ளத்தை அல்லவா அவர்கள் தேடி வந்தார்கள்!

தாலந்துகளின் உவமையையும் நினைத்துப் பாருங்கள். ஐந்து தாலந்து பெற்றவனும் இரண்டு பெற்றவனும் எஜமானிடம் ஒரே பாராட்டைப் பெற்றார்கள். இரண்டு பெற்றவனை நோக்கி, "நீ ஏன் ஐந்து கொண்டுவரவில்லை?" என்று எஜமான் கேட்கவில்லை. ஒரு தாலந்து பெற்றவனும் கொஞ்சமாகப் பெற்றதற்காகக் கண்டிக்கப்படவில்லை. புதைத்து வைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டான். எனவே சோம்பேறித்தனத்தைக் கண்டியுங்கள். முயன்றும் கிட்டாத மார்க்குக்காகக் கண்டியாதீர்கள்.

பெற்றோர்களே, 2017-ம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு பொதுத் தேர்வுகளில் முதலிடம் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது. அரசு நிறுத்திய பட்டியலை நாம் ஏன் வீட்டுத் திண்ணையில் வாசிக்க வேண்டும்? பரீட்சை முடிவுக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஆகவே முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மார்க்கு எத்தனை என்று கேட்கும் முன்னே, "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். தவறிய பாடத்தை மறுபடி எழுதலாம், தொழிற்கல்வி கற்கலாம், வேறு வழி தேடலாம். இவற்றை மறுநாள் அமைதியாகப் பேசிக்கொள்ளலாம். அன்றைக்குப் பிள்ளை அறிய வேண்டியது ஒன்றே: இந்த வீட்டில் தன் இடம் மார்க்கினால் வந்ததன்று; மார்க்கினால் போகப் போவதுமன்று.