உங்களுக்கா தெரியாது?

"செல்போனைப் பற்றி எனக்கு என்ன சார் தெரியும்? அவனுக்குத்தான் எல்லாம் அத்துப்படி."

பெற்றோர் கூடும் இடமெல்லாம் கேட்கிற வார்த்தை இது. சொல்பவர் முகத்தில் பாதி பெருமை, பாதி தோல்வி. அந்தத் தோல்வியை இன்றே துடைத்தெறியுங்கள்!

தராசைப் பார்த்ததுமே எடை குறைவதைக் கண்டுபிடிப்பவர் நீங்கள். கடன் கேட்டு வருபவர் திருப்பித் தருவாரா மாட்டாரா என்று அவர் வாசற்படி ஏறும்போதே கணிப்பவர் நீங்கள். ஒருவன் இரட்டிப்புப் பணம் தருவதாக ஆசை காட்டினால், "எப்படிய்யா கட்டுப்படியாகும்?" என்று மடக்கத் தெரிந்தவர் நீங்கள். உங்கள் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆப் தெரியும், ஆள் தெரியாது. உங்களுக்கு ஆள் தெரியும்! செல்போனுக்குள் பதுங்கியிருப்பவை பெரும்பாலும் பழைய ஆபத்துகள்தாம்: ஏமாற்றுக்காரன், சூதாட்டம், கெட்ட சகவாசம், கெட்டுப்போன தூக்கம். இவற்றோடு மல்லுக்கட்டிய அனுபவம் உங்களிடம் மலையாக இருக்கிறது. பிறகு ஏன் ஒதுங்கி நிற்கிறீர்கள்?

செய்தவர்களே அஞ்சினார்கள்

பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் பதிவுகள் வந்துகொண்டிருக்கின்றனவே, அந்த ஏற்பாட்டை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். ஐபேடை உலகுக்குக் கொடுத்த ஸ்டீவ் ஜாப்ஸ், தம் வீட்டில் பிள்ளைகளின் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கு வரம்பு வைத்திருப்பதாக ஒரு நிருபரிடம் சொன்னார். 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியா தடை போட்டிருக்கிறது.

செய்தவர் வரம்பு வைத்தார். ஒரு நாடே வரம்பு வைக்கிறது. உங்கள் வீட்டில் வரம்பு வைக்க உங்களுக்கு என்ன தயக்கம்?

பிடுங்குவது வீரம் அல்ல

போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டால் வேலை முடிந்ததா? நண்பனின் போனில், உங்கள் கண்ணுக்கு மறைவாக, எல்லாம் தொடரும். வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வருகிற காலத்தில் பூட்டிவைப்பதும் நடக்காத காரியம். எல்லோருக்கும் பொதுவான சட்டம் போடுங்கள். இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். உங்களுடையதும்தான்! நீங்கள் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பிள்ளைக்குப் புத்தி சொன்னால் எடுபடுமா? பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். "அலாரம் போன்லதாம்மா இருக்கு" என்பான். ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்; அந்தச் சாக்கும் தீர்ந்தது.

அடுத்து, மகளோடு உட்கார்ந்து அவள் கணக்கைப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் பதின்ம வயதினருக்கென்று தனிக் கணக்கு முறை இருக்கிறது. அதில், அறிமுகம் இல்லாதவர்கள் அவளுக்கு மெசேஜ் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு தானாகவே இருக்கும். ஆனால், சேரும்போது உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்திருக்கிறாளா? அதைக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் எந்த ஆப் எவ்வளவு நேரம் என்று வரையறுக்கலாம். ஒளிந்து வேவு பார்க்காதீர்கள். அவளுக்குத் தெரிந்தே, அவளோடு பேசியே செய்யுங்கள்.

இந்த வாக்கைக் கொடுங்கள்

இணையத்தில் பிள்ளையின் படத்தை வைத்து மிரட்டுகிறவன் எதை நம்பித் தொழில் நடத்துகிறான் தெரியுமா? "அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவார்" என்று உங்கள் பிள்ளை நடுங்குகிறதே, அந்த நடுக்கத்தை நம்பித்தான்! அந்த மூலதனத்தை அவன் கையிலிருந்து பறியுங்கள். இன்றே பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல். திட்ட மாட்டேன். போனைப் பிடுங்க மாட்டேன். உன் பக்கம் நிற்பேன்."

சொன்னபடி நில்லுங்கள். மிரட்டல் வந்தால் ஒரு பைசா அனுப்பாதீர்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை அதன் ஆபாசப் படத்தைக் காட்டி மிரட்டுவது, அந்தப் படம் போலியாகவே தயாரிக்கப்பட்டிருந்தாலும், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். தலைகுனிய வேண்டியவன் அவன். உங்கள் பிள்ளை இல்லை!

தள்ளுகிற கை படைக்கட்டும்

போனைக் குறை என்றால் போதுமா? மிச்சமாகும் நேரத்துக்கு என்ன தருகிறீர்கள்? மைதானத்துக்கு அனுப்புங்கள். நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். சமையலறையில் ஒரு வேலையை முழுப் பொறுப்பாக ஒப்படையுங்கள். "இந்த வீடியோவை எப்படி எடிட் பண்றாங்க? எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்கணக்கைப் போனில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை உங்களுக்கு வாத்தியாராகும். தெரியாததைப் பிள்ளையிடம் கேட்டுக் கற்பதால் உங்கள் மதிப்பு குறையாது, அது கூடும்!

முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கதவை அறைந்து சாத்துவார்கள். "என் ஃபிரெண்ட்ஸ் வீட்ல இப்படியெல்லாம் இல்லை" என்பார்கள். அசையாதீர்கள்! தடுப்பூசி போட்ட அன்று வீடே அதிர அழுத பிள்ளைதானே இது? அழுகிறது என்று அடுத்த ஊசியை நிறுத்தினீர்களா? அன்று இருந்த உறுதி இன்று எங்கே போயிற்று?

பேசக் கற்றுக்கொடுத்தது எந்த ஆப்பும் இல்லை, நீங்கள். தெருவைக் கடக்கக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது நீங்கள். இந்தத் தெருவையும் நீங்களே கடக்கவைப்பீர்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். மணி பத்து அடித்ததும், முதல் ஆளாக எழுந்துபோய் உங்கள் போனைக் கூடத்தில் வையுங்கள்!