வரப்பு தாண்டிய ஆடு

அய்யா துணை

அன்புக்கொடி மக்களே! புரட்டாசியில் விதைத்து வானம் பார்த்திருக்கும் ஒருபோகச் சீமை நம் இராமநாதபுரம். முளைத்து வரும் நெல்லிலும் குண்டு மிளகாயிலும் அடுத்த வீட்டு ஆடு இறங்கினால் வயிறு எரியத்தான் செய்யும்.

அந்த எரிச்சலில் சிலர் காலை ஒடிக்கிறார்கள். சிலர் மருந்து வைக்கிறார்கள். உயிர்ப்பலி வேண்டாம் என்று தடுத்தவர் அய்யா வைகுண்டர். பலிபீடத்தில் கூடாதது வரப்பில் மட்டும் ஆகுமா? தை அறுப்பு முடிந்ததும் கிடை போட நாமேதான் கீதாரியைத் தேடிப் போகிறோம், கூலியும் கொடுக்கிறோம். ஆட்டுக்கு ஐப்பசி எது, மாசி எது என்று தெரியுமா?

பொறுமை என்றால் வாய்மூடிக் கிடப்பதல்ல. ஆட்டைப் பிடித்துக் கட்டுங்கள், தண்ணீர் காட்டுங்கள், உடையவரை அழைத்து மேய்ந்த இடத்தைக் காட்டிக் கேளுங்கள். வெள்ளைக்காரன் போட்ட 1871-ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம்கூட, பிடித்ததை 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்கத்தான் சொல்கிறது, அடிக்கச் சொல்லவில்லை.

ஆட்டை அவிழ்த்துவிட்டு, நாமமிட்டுத் தாங்கலில் வந்து நிற்பவரே! உங்கள் ஆடு தின்றது ஒரு குடும்பத்தின் வருஷச் சோறு. அடுத்த ஞாயிறு பணிவிடைக்கு வருமுன் அந்த வீட்டு வாசலுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

அய்யா உண்டு.