யாருடைய பணத்தில் கூலி?

வேலையாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கடை வைத்து ஆள் வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் கொடுக்கும் கூலி யாருடைய பணம் என்று கேட்க வேண்டிய சமயமும் உண்டு.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் காற்பந்துக் கழகம் 2008ல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. மைதானமோ சுமார் 20,000 பேர் கொள்வது. ஆட்டக்காரரின் சம்பளம் அந்த வசூலுக்கு அடங்காதது. முதலாளியின் பணம் வந்த வரை வண்டி ஓடிற்று. 2010 பிப்ரவரியில் கழகம் நொடித்து நிர்வாகியின் கைக்குப் போயிற்று.

பாக்கிதாரர் ஜாப்தாவைத்தான் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். லீக்கின் விதிப்படி ஆட்டக்காரருக்கும் பிற கழகங்களுக்கும் முழுத் தொகையும் தீர வேண்டும். தீராவிடில் லீக்கில் இடமில்லை. மற்றவர்களுக்குப் பவுண்டுக்கு 20 பென்ஸ் என்று முடிவாயிற்று! அந்த மற்றவர்களில் உள்ளூர்க் கடைக்காரர் உண்டு. அடிபட்டவருக்கு முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டர் சங்கமும் உண்டு. அதற்குப் பாக்கி சுமார் 2,700 பவுண்டு. வரி இலாகா வழக்காடியும் 2012ல் விதியே நிலைத்தது.

ஆட்டக்காரர் மீது நமக்குக் குறையில்லை. பேசிய கூலியைக் கேட்டார். கையில் இல்லாததைத் தருவதாகக் கையெழுத்திட்டவரல்லவா, சரக்குக் கொடுத்தவரின் பொறுமையை முதலாக்கிச் சம்பளம் போட்டார்! கடனுக்குச் சரக்கெடுத்து, விற்ற காசில் விருந்து வைப்பவருக்கு நம் கடைத்தெருவில் வேறு பெயர் உண்டு.

அந்த ஜாப்தாவை நம்மிடம் தந்திருந்தால், மைதானத்தைப் பெருக்கியவரின் வாரக் கூலியை முதலில் எழுதியிருப்போம். அடுத்து ஆம்புலன்ஸ், அப்புறம் கடைக்காரர். நட்சத்திர ஆட்டக்காரர் சற்றுக் காத்திருக்கலாம்.