பங்கீட்டுக்கு இணங்கும் எண்

6,746,328,388,800.

ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேலே. 1915 இல் இராமானுஜன் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் எழுதிய நீண்ட கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிக காரணிகள் கொண்ட எண்களின் வரிசை அது: 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று ஏறிக்கொண்டே போகும். அட்டவணை முடிகிற இடத்தில் நிற்பது இந்த எண்.

✦

உன்னிச்சைக் குளத்தை நம்பி வயல் செய்கிறவர்களுக்குப் பங்கீடு என்பது வயிற்றுப்பாடு. சிறுபோகம் தொடங்குமுன் கூடி, எந்தக் கண்டத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று பேசித் தீர்க்க வேண்டும். முறை பன்னிரண்டு நாளென்றால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு வாய்க்கால்களுக்கு முழு நாளாகவே பிரிக்கலாம். பதினொரு நாளென்றால் மிச்சம் வரும். மிச்சம் வருகிற இடத்தில் வாக்குவாதமும் வரும்.

குளக்கட்டில் நடக்கும்போதெல்லாம் இராமானுஜனின் அட்டவணை நினைவில் வருவது இதனால்தான். எண்களை அவர் வரிசைப்படுத்தியது எத்தனை விதமாய்ப் பிரியும் என்பதைப் பார்த்து.

✦

அட்டவணையின் கடைசி எண்ணைப் பிரித்து எழுதிப் பார்க்கிறேன். 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு, 7 இரண்டு. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு தடவை. இடையில் ஒரு முதன்மை எண்கூட விடுபடவில்லை. எத்தனை தடவை என்று சொல்லும் சுட்டிகள் இறங்குகின்றன, சில இடங்களில் சமமாகப் போகின்றன, ஓரிடத்திலும் ஏறவில்லை.

ஏன் ஏறாது? 2ஐ ஒரு தடவையும் 3ஐ மூன்று தடவையும் பெருக்கினால் 54. மாற்றி, 2ஐ மூன்று தடவையும் 3ஐ ஒரு தடவையும் பெருக்கினால் 24. இரண்டுக்கும் காரணிகள் எட்டுத்தான். அதே எட்டைச் சிறிய எண்ணே தந்துவிடும்போது 54 வரிசையில் சேராது. சிறியவற்றுக்கு முதலில் நிறையக் கொடுத்தால்தான் பெரியவை உள்ளே வரலாம். கடைசி முதன்மை எண் ஒரு தடவைக்குமேல் வருவது 4, 36 ஆகிய இரண்டில் மட்டுமே. இதையும் அவரே நிறுவினார்.

காரணிகளை எண்ணுவது எளிது. ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7 × 5 × 3 × 3 = 315. அதை ஐந்து முறை இரட்டிக்க, 10,080.

✦

அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293,318,625,600. காரணிகள் 5,040. பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அதை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் அந்தக் கடைசி எண்ணேதான்! கணினி இல்லாத காலத்தில், கோடிகளுக்கு நடுவே, வரிசையாக இவ்வளவையும் தேடியெடுத்த ஒரு மனிதரின் கைக்கு ஒன்றே ஒன்று தப்பிப்போனது. இந்த இடத்தில் அவர்மேல் எனக்கு அன்பு கூடுகிறது.

✦

இந்த எண்களுக்கு நேர்மாறானவை முதன்மை எண்கள். 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை அறிந்தவற்றில் மிகப் பெரிய முதன்மை எண்ணில் 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். காரணிகள் இரண்டு: ஒன்றும், அதுவும். அதன் தனிமையும் பெரிதுதான். என் மனம் நிறையப் பிரியும் எண்ணின் பக்கமே சாய்கிறது.

✦

இராமானுஜனின் அந்தக் கட்டுரை வெளிவந்தது முதலாம் உலகப் போர்க் காலம். சங்கத்துக்குப் பண நெருக்கடி. அதனால் முழுவதும் அச்சேறவில்லை. இராமானுஜன் 1920 இல், 32 வயதில் இறந்தார். நிறுத்திவைக்கப்பட்ட பகுதி 1997 இல், அவர் பெயரிலேயே நடக்கும் கணித இதழில் வெளியாயிற்று.